'வெரி', 'டூ', 'மச்', 'ஸோ': எது எதோடு சேரும்? எப்படி விளக்குவது?

எழுத்தாணி:

மாணவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் 'மிக', 'ரொம்ப' என்ற பொருள் வரும் இடத்திலெல்லாம் 'வெரி' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக் கொடுப்பது எளிது. அடுத்த முறை அவர்களே சரியாக எழுதும்படி காரணத்தை விளக்கத்தான் வழி தேடுகிறேன். திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் இவை:

1. திஸ் ரூம் இஸ் வெரி பிக்கர் தென் தட் ஒன்.
2. ஐ வெரி லைக் திஸ் புக்.
3. தி பாக்ஸ் இஸ் டூ மச் ஹெவி டு லிஃப்ட் இட்.
4. இட் வாஸ் ஸோ பிக் ஹவுஸ்.
5. ஹி இஸ் நாட் இனஃப் டால்.
6. தி வாட்டர் இஸ் வெரி ஃப்ரீஸிங்.
7. ஐ ஆம் டூ ஹேப்பி டு மீட் யூ.

இவற்றில் ஏழாவது இலக்கணப்படி தவறா, பொருள்தான் தவறா என்பதும் தெரிய வேண்டும். 'க்வைட்' என்ற சொல்லுக்கு அகராதியில் 'ஓரளவு', 'முற்றிலும்' என்று இரண்டு பொருளும் இருக்கின்றன. எந்த இடத்தில் எதை எடுப்பது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சொற்கோல்:

ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டால் உங்கள் பட்டியலில் பாதி சரியாகிவிடும்: இந்த அளவுச்சொல் எதன்மேல் ஏறப்போகிறது?

தமிழில் 'ரொம்ப' எதன்மேலும் ஏறும். ரொம்பப் பெரிசு, அதைவிட ரொம்பப் பெரிசு, ரொம்பப் பிடிக்கும், ரொம்பப் பேர், ரொம்பக் கனம் அதனால் தூக்க முடியாது. ஐந்து இடத்துக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் இதே ஐந்தும் முறையே 'வெரி பிக்', 'மச் பிக்கர்', 'லைக் இட் வெரி மச்', 'மெனி பீப்பிள்', 'டூ ஹெவி டு லிஃப்ட்'. இந்த ஐந்தையும் கரும்பலகையில் நிரந்தரமாக எழுதி வைத்தாலும் தகும்.

முதல் வாக்கியம் தவறுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு வடிவம் கிடையாது. 'விட' என்ற சொல்லே ஒப்பீட்டைச் சுமக்கிறது, 'பெரிசு' மாறுவதில்லை. ஆகவே 'பிக்', 'பிக்கர்' இரண்டும் மாணவனுக்கு ஒரே 'பெரிசு'தான். இரண்டுக்கும் 'வெரி' போடுகிறான். ஆங்கிலத்தில் 'வெரி' மாறாத பெயரடைக்கும் வினையடைக்கும் உரியது, ஒப்பீட்டு வடிவத்தின்மேல் ஏறாது. '-அர்' ஒட்டோ 'மோர்' என்ற சொல்லோ வந்துவிட்டால் 'மச்', 'ஃபார்', 'எ லாட்' ஆகியவற்றில் ஒன்று வேண்டும்: 'மச் பிக்கர்', 'ஃபார் மோர் டிஃபிகல்ட்', 'எ லாட் சீப்பர்'. வித்தியாசம் சிறிதென்றால் 'எ பிட்', 'எ லிட்டில்', 'ஸ்லைட்லி'. 'வெரி மச் பிக்கர்' என்பதும் சரியே. அங்கே 'வெரி' ஏறியிருப்பது 'மச்' மேல்.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. எண்ணக்கூடிய பன்மைப் பெயர் பின்னால் வந்தால் 'மச் மோர் புக்ஸ்' தவறு, 'மெனி மோர் புக்ஸ்' என்றுதான் வர வேண்டும். எண்ண முடியாததற்கு 'மச் மோர் டைம்'. ஐயம் வந்தால் 'எ லாட் மோர்' இரண்டுக்கும் பொருந்தும்.

உச்ச ஒப்பீட்டில் 'பை ஃபார் தி பெஸ்ட்', 'ஈஸிலி தி பெஸ்ட்'. 'தி வெரி பெஸ்ட்', 'தி வெரி லேட்டஸ்ட்' என்றும் சொல்லலாம். ஆனால் 'மோஸ்ட்' சேர்த்து ஆக்கும் வடிவத்துக்கு முன் இந்த 'வெரி' வராது. 'தி வெரி மோஸ்ட் எக்ஸ்பென்ஸிவ்' யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவது வாக்கியம்: 'வெரி' தனியாக வினையின்மேல் ஏறாது. 'ஐ லைக் திஸ் புக் வெரி மச்' அல்லது 'ஐ ரியலி லைக் திஸ் புக்'. 'வெரி மச்' எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே அது நுழையக்கூடாது. 'ஐ லைக் வெரி மச் திஸ் புக்' தவறு. 'மச்' மட்டும் தனியாக உடன்பாட்டு வாக்கியத்தின் கடைசியில் நிற்காது. 'ஐ டோன்ட் லைக் இட் மச்' சரி, 'ஐ லைக் இட் மச்' சரியில்லை.

மூன்றாவதில் இரண்டு பிழைகள். 'டூ மச்' என்பது எண்ண முடியாத பெயருக்கு முன் வருவது: 'டூ மச் நாய்ஸ்'. பெயரடைக்கு முன் 'டூ' மட்டும் போதும், அழுத்தம் வேண்டுமானால் வரிசையைத் திருப்பி 'மச் டூ ஹெவி' அல்லது 'ஃபார் டூ ஹெவி'. அடுத்தது, கடைசியில் தொங்கும் 'இட்'. தூக்கப்படும் பொருள் வாக்கியத்தின் எழுவாயாக முன்னரே வந்துவிட்டதால் அதை மறுபடி சொல்லத் தேவையில்லை. 'தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்.' அவ்வளவுதான்.

ஐந்தாவது, இடம் மாறிய பிழை. 'இனஃப்' பெயரடைக்கும் வினையடைக்கும் பின்னால் வரும், பெயருக்கு முன்னால் வரும். 'டால் இனஃப்', 'குவிக்லி இனஃப்', 'இனஃப் டைம்'. பெயரடையும் பெயரும் சேர்ந்து வந்தால் 'எ பிக் இனஃப் ரூம்'. தமிழில் 'போதுமான' எப்போதும் முன்னாலேயே நிற்பதால் மாணவர்களின் கை தானாக முன்னால் எழுதிவிடுகிறது.

பிழைதிருத்தி:

சொற்கோல் விட்ட இடத்திலிருந்து ஆறாவதையும் 'க்வைட்'டையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே விஷயம்.

ஆங்கிலப் பெயரடைகள் அளவைப் பொறுத்து மூன்று வகை. முதல் வகை, ஏறி இறங்கும் அளவுள்ளவை: கோல்ட், பிக், டயர்ட், ஆங்ரி, டிஃபிகல்ட். இவற்றுக்கு 'வெரி', 'எக்ஸ்ட்ரீம்லி', 'ஃபேர்லி', 'எ பிட்' எல்லாம் சேரும். இரண்டாம் வகை, 'மிக' என்பதை உள்ளேயே அடக்கிக்கொண்டவை: ஃப்ரீஸிங் என்றாலே வெரி கோல்ட், ஹ்யூஜ் என்றாலே வெரி பிக், எக்ஸாஸ்டட் என்றாலே வெரி டயர்ட், ஃப்யூரியஸ் என்றாலே வெரி ஆங்ரி. அதன்மேல் இன்னொரு 'வெரி' போட்டால் 'மிக மிகக் குளிர்' என்று இரட்டிப்பாவதில்லை, வாக்கியம்தான் நொண்டுகிறது. இவற்றுக்கு 'அப்ஸொல்யூட்லி' சேரும். மூன்றாம் வகை, எல்லை உள்ளவை. உண்டு அல்லது இல்லை, நடுவில் நிலை கிடையாது: இம்பாஸிபிள், டெட், எம்டி, பெர்ஃபெக்ட். இவற்றுக்கு 'கம்ப்ளீட்லி', 'டோட்டலி', 'அட்டர்லி', 'ஆல்மோஸ்ட்', 'விர்ச்சுவலி' ஆகியவற்றிலிருந்து சொல்லுக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். 'கம்ப்ளீட்லி எம்டி', 'அட்டர்லி இம்பாஸிபிள்' என்பதுபோல. 'ரியலி' மட்டும் முதல் இரண்டு வகைக்கும் தயக்கமில்லாமல் பொருந்தும். அதனால்தான் பேச்சில் அது இவ்வளவு புழங்குகிறது.

வகை பிரிக்க இரண்டு சோதனைகள் போதும். 'ஹவ்' சேர்த்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'ஹவ் கோல்ட் இஸ் இட்?' இயல்பாக வருகிறது, ஆகவே முதல் வகை. 'ஹவ் ஃப்ரீஸிங்?', 'ஹவ் டெட்?' ஒட்டவில்லை. அடுத்து 'ஆல்மோஸ்ட்' வைத்துப் பாருங்கள். 'ஆல்மோஸ்ட் எம்டி', 'ஆல்மோஸ்ட் இம்பாஸிபிள்' சரியாக நின்றால் மூன்றாம் வகை. 'ஆல்மோஸ்ட் பிக்' நிற்காது, எல்லையே இல்லாத ஒன்றை எப்படி நெருங்குவது?

இப்போது 'க்வைட்'. முதல் வகையின்மேல் ஏறினால் 'ஓரளவு': 'க்வைட் கோல்ட்', 'க்வைட் குட்'. இரண்டாம், மூன்றாம் வகையின்மேல் ஏறினால் 'முற்றிலும்': 'க்வைட் இம்பாஸிபிள்', 'க்வைட் பெர்ஃபெக்ட்'. 'டிஃபரன்ட்' பார்வைக்கு முதல் வகை போலிருந்தாலும் 'க்வைட் டிஃபரன்ட்' பெரும்பாலும் 'முழுக்க வேறு' என்றே பொருள் தரும். 'நாட் க்வைட் ரெடி' என்றால் தயாராகவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது.

மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று: இந்த 'ஓரளவு' பொருள் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் ஒருவர் 'க்வைட் குட்' என்றால் பெரும்பாலும் 'மிக நன்று' என்று பாராட்டுகிறார். பிரிட்டிஷ் பேச்சிலும் குரல் பொருளை மாற்றும். 'க்வைட்' மேல் அழுத்தம் விழுந்தால் 'ஏதோ பரவாயில்லை' என்ற தொனி, 'குட்' மேல் விழுந்தால் உண்மையான பாராட்டு. எழுத்தில் இந்த அழுத்தம் தெரியாது. ஆகவே மதிப்புரை, பரிந்துரைக் கடிதம் போன்றவற்றில் 'க்வைட் குட்' எழுதாமலிருப்பதே நல்லது. படிப்பவர் எந்த ஊர்க் காதோடு படிப்பார் என்பது எழுதுபவர் கையில் இல்லை.

'க்வைட் எ ஃப்யூ' என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். 'ஓரளவு கொஞ்சம்' என்று பிரித்தால் நேர் எதிராகப் போய்விடும். அதன் பொருள் 'கணிசமான எண்ணிக்கை'.

சொற்கோல்:

'யுனீக்' மூன்றாம் வகையா? 'வெரி யுனீக்' இப்போது எங்கும் கேட்கிறதே, அதையும் தவறென்று திருத்த வேண்டுமா?

பிழைதிருத்தி:

'ஈடிணையற்ற ஒன்று' என்ற பொருளில் அது மூன்றாம் வகை. 'வழக்கத்துக்கு மாறான' என்ற தளர்ந்த பொருளிலும் தாய்மொழியாளர்கள் பேசுகிறார்கள், அங்கே 'வெரி' வருகிறது. பேச்சில் திருத்தத் தேவையில்லை. தேர்விலும் அலுவல் எழுத்திலும் அதைப் பிழையாகக் கருதுபவர்கள் இன்னும் நிறைய. அங்கே 'வெரி அன்யூஷுவல்' எழுதினால் சொல்ல வந்ததும் நிற்கும், யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

கரும்பலகை:

நான்காவதும் ஏழாவதும் இன்னும் மீதி.

'ஸோ' பெயரடையின்மேல் ஏறும், அதோடு நின்றுவிடும். பெயரையும் சேர்த்து இழுத்து வர 'சச்' வேண்டும். 'தி ஹவுஸ் வாஸ் ஸோ பிக்', 'இட் வாஸ் சச் எ பிக் ஹவுஸ்'. 'சச்'சுக்குப் பின் வரும் 'எ' எண்ணக்கூடிய ஒருமைப் பெயருக்கு மட்டும். 'சச் எ குட் அட்வைஸ்', 'சச் எ நைஸ் வெதர்' என்று எழுதுவார்கள். இரண்டும் எண்ண முடியாத பெயர்கள், 'எ' வரக்கூடாது. 'ஸோ பிக் எ ஹவுஸ்' என்ற வடிவமும் இலக்கணப்படி சரி, ஆனால் மிக முறையான நடை. 'டூ'வுக்கு இந்த வடிவம் மட்டுமே உண்டு: 'டூ பிக் எ ரிஸ்க்'. 'எ டூ பிக் ரிஸ்க்' என்று வராது.

விதிவிலக்கு ஒன்று. மெனி, மச், ஃப்யூ, லிட்டில் நான்கும் 'ஸோ'வோடுதான் போகும், பின்னால் பெயர் இருந்தாலும். 'ஸோ மெனி பீப்பிள்', 'ஸோ லிட்டில் டைம்'. 'சச் மெனி பீப்பிள்' தவறு.

அறிக்கை எழுதும்போது 'தி ரிசல்ட்ஸ் வேர் ஸோ குட்' என்று முடித்துவிடுகிறார்கள். 'ஸோ' என்றால் படிப்பவர் 'தட்' எதிர்பார்ப்பார்: அவ்வளவு நன்றாக இருந்ததால் என்ன ஆயிற்று? விளைவைச் சொல்லப்போவதில்லை என்றால் 'வெரி' போதும். பேச்சில் உணர்ச்சியோடு 'இட்ஸ் ஸோ குட்!' என்பது வேறு.

ஏழாவது வாக்கியம் இலக்கணப்படி தப்பில்லை, பொருள்தான் கவிழ்ந்துவிடுகிறது. 'டூ' என்பது தேவைக்கு மேல் போய்விட்டது, அதனால் ஏதோ ஒன்று முடியாமல் போகிறது என்று சொல்லும் சொல். 'டூ டயர்ட் டு வாக்' என்றால் நடக்க முடியாத அளவுக்குக் களைப்பு. அதே அச்சில் 'டூ ஹேப்பி டு மீட் யூ' என்பதை வைத்தால் 'மகிழ்ச்சி மிகுதியால் உங்களைச் சந்திக்க இயலாது' என்று வரும். 'வெரி ஹேப்பி', 'ஸோ ஹேப்பி' சரி. 'ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்' என்பது ஒரு நிலைத்த தொடர், 'தாராளமாக உதவுகிறேன்' என்று பொருள். அதைக் கேட்டுவிட்டு 'ஒன்லி'யை விட்டுவிடுவதும் இந்தப் பிழைக்கு ஒரு வழி.

'ஃபார் டூ ஹெவி', 'மச் டூ ஹெவி' இரண்டும் சரி என்று மேலே வந்தது. ஆனால் 'மெனி' வந்தால் 'ஃபார் டூ மெனி' மட்டும். 'மச் டூ மெனி' எழுத வேண்டாம்.

எழுத்தாணி:

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்று வகைச் சோதனையை அப்படியே வகுப்பில் வைக்கப்போகிறேன். இரண்டு கேள்விகள் பாக்கி. '-எட்' முடிவுள்ள சொற்களில் 'வெரி டயர்ட்' சரி, 'வெரி டேமேஜ்ட்' ஏன் உறுத்துகிறது? 'வெரி'யை விட்டால் வேறு எதைப் போடுவது என்று மாணவர்கள் கேட்கும்போது 'டீப்லி', 'ஹைலி', 'பேட்லி' என்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எது எதோடு சேரும் என்பதற்கு விதி ஏதும் உண்டா?

சொற்கோல்:

'-எட்' சொல் ஒரு மனநிலையையோ உடல்நிலையையோ காட்டும் முழுப் பெயரடையாகிவிட்டால் 'வெரி' வரும்: டயர்ட், வொரீட், இன்ட்ரஸ்டட், சர்ப்ரைஸ்ட், எக்ஸைட்டட். யாரோ எதுவோ செய்த செயலின் விளைவாக இன்னும் வினைவாசம் மிச்சமிருந்தால் 'வெரி' ஒட்டாது. சோதனை இதுதான்: பின்னால் 'பை' போட்டுச் செய்தவரைச் சொல்ல வருகிறதா? 'தி பிரிட்ஜ் வாஸ் டேமேஜ்ட் பை தி ஃப்ளட்' இயல்பாக வருகிறது. ஆகவே 'பேட்லி டேமேஜ்ட்'. 'அட்மயர்ட் பை எவ்ரிஒன்' வருகிறது. ஆகவே 'மச் அட்மயர்ட்'. 'டயர்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'பை' எளிதில் வராது, 'ஆஃப்' வரும். 'இன்ட்ரஸ்டட்' பின்னால் 'இன்', 'வொரீட்' பின்னால் 'அபவுட்'. எல்லைக்கோடு எல்லாச் சொல்லுக்கும் கூர்மையாக விழாது ('சர்ப்ரைஸ்ட் பை' எல்லோரும் சொல்வதுதான்), ஆனாலும் மாணவர் எழுதும் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை இது பிரித்துவிடும்.

'வெரி இன் டிமாண்ட்' போன்றதும் இதே குடும்பம். முன்னிடைச் சொல்லில் தொடங்கும் தொடரின்மேல் 'வெரி' நேரடியாக ஏறாது, 'வெரி மச் இன் டிமாண்ட்'.

கரும்பலகை:

இரண்டாவது கேள்விக்கு விதி இல்லை, சேர்க்கை வழக்குதான். ஆனால் தமிழ் மாணவனுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. 'மிகக் கருப்பு' என்பதற்குக் 'கன்னங்கரேல்', 'மிகப் பச்சை'க்குப் 'பச்சைப்பசேல்' என்கிறோம். மாற்றிப் 'பச்சைக்கரேல்' என்று யாராவது சொல்வார்களா? 'புத்தம்புது', 'தன்னந்தனி', 'பட்டப்பகல்' எல்லாம் தத்தம் சொல்லுக்கே உரிய மிகுதிகள். ஆங்கிலத்திலும் அப்படியே: 'பிட்ச் பிளாக்', 'பிராண்ட் நியூ', 'ஆல் அலோன்', 'பிராட் டேலைட்', 'வைட் அவேக்', 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. இந்த ஒப்புமையைக் காட்டினால், ஏன் 'வெரி அஸ்லீப்' சொல்லக்கூடாது என்பதை அவர்கள் விளக்கமில்லாமலே ஏற்றுக்கொள்வார்கள்.

'-லி' சொற்களில் சில போக்குகளைச் சொல்லலாம். 'ஹைலி' பெரும்பாலும் வாய்ப்பு, திறமை, மதிப்பு பற்றியது: ஹைலி அன்லைக்லி, ஹைலி ஸ்கில்ட், ஹைலி ரெகமெண்டட். 'ஹைலி பிக்', 'ஹைலி டயர்ட்' கிடையாது. 'டீப்லி' உள்ளுணர்வுக்கும் பிளவுக்கும்: டீப்லி சாரி, டீப்லி கன்சர்ன்ட், டீப்லி டிவைடட். 'பேட்லி' சேதத்துக்கும் காயத்துக்கும், வினையோடு சேர்ந்தால் அவசரத் தேவைக்கும்: பேட்லி இஞ்ஜர்ட், பேட்லி நீட். 'பிட்டர்லி' குளிருக்கும் ஏமாற்றத்துக்கும்: பிட்டர்லி கோல்ட், பிட்டர்லி டிஸப்பாயின்டட். 'பெர்ஃபெக்ட்லி' பெரும்பாலும் நல்ல பக்கம்: பெர்ஃபெக்ட்லி கிளியர், பெர்ஃபெக்ட்லி நார்மல். 'அட்டர்லி' பெரும்பாலும் கெட்ட பக்கம்: அட்டர்லி ரிடிகுலஸ்.

வினைகளுக்கும் இப்படியே ஜோடி உண்டு. ஸ்ட்ராங்லி ரெகமெண்ட், ஃபர்ம்லி பிலீவ், ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட், தரோலி எஞ்ஜாய், டீப்லி ரிக்ரெட், ஃபிளாட்லி ரெஃப்யூஸ். பெயரடையை மட்டும் தனியாகக் குறிப்பேட்டில் எழுதுவதைவிட, ஜோடியாக எழுதி வைப்பது நல்லது. நாளொன்றுக்கு நான்கைந்து ஜோடி போதும், பட்டியல் நீண்டால் ஒன்றும் தங்காது.

பிழைதிருத்தி:

குறைத்துச் சொல்லும் சொற்களை யாரும் தொடவில்லையே. அங்கேயும் பிழைகள் ஏராளம்.

'எ பிட்', 'எ லிட்டில்' பெரும்பாலும் குறை சொல்லும் பெயரடையோடு போகும்: எ பிட் எக்ஸ்பென்ஸிவ், எ லிட்டில் லேட். 'எ பிட் பியூட்டிஃபுல்' காதுக்குப் பொருந்தாது. பெயருக்கு முன் நிற்கும் பெயரடையோடும் ஒட்டாது. 'எ பிட் கோல்ட் ரூம்' தவறு, 'எ ராதர் கோல்ட் ரூம்' சரி. பெயரை நேரடியாகச் சொல்வதென்றால் 'எ பிட் ஆஃப் எ பிராப்ளம்'.

'ஃபேர்லி'யும் 'ராதர்'உம் தமிழில் 'ஓரளவு'தான், ஆனால் 'ராதர்' ஒப்பீட்டு வடிவத்தின்மேலும் 'டூ'வின்மேலும் ஏறும்: ராதர் பெட்டர், ராதர் டூ லாங். 'ஃபேர்லி பெட்டர்' வராது. 'ராதர்' ஒரு சிறு அதிருப்தியையோ எதிர்பாராமையையோ கூடவே கொண்டுவரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

'எ ஃப்யூ' என்றால் சில இருக்கின்றன, 'ஃப்யூ' என்றால் அநேகமாக இல்லை. ஓர் 'எ' விடுபட்டால் வாக்கியத்தின் மனநிலையே மாறிவிடும். 'எ லிட்டில்', 'லிட்டில்' இரண்டுக்கும் இதே கணக்கு.

'ஹார்ட்லி' வந்தால் எதிர்மறை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர்' போதும், 'கான்ட் ஹார்ட்லி' எழுத்து வழக்கில் ஏற்கப்படாது. 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அநேகமாக வேலையே செய்வதில்லை. வேலை விண்ணப்பத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் விளைவை யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக வரைபட அறிக்கை எழுதுபவர்களுக்கு. விலையோ எண்ணிக்கையோ ஏறியதைச் சொல்ல 'ரோஸ் வெரி மச்' எழுதாதீர்கள். மாற்றம் சிறிதென்றால் ஸ்லைட்லி, மார்ஜினலி. நடுத்தரமென்றால் மாடரேட்லி. பெரிதென்றால் கன்ஸிடரப்லி, ஸப்ஸ்டான்ஷியலி. வேகமாக ஏறியதைச் சொல்ல ஷார்ப்லி, ஸ்டீப்லி. இந்தக் கடைசி இரண்டும் வினையோடு வரும் சொற்கள், 'ஷார்ப்லி ஹை' என்று பெயரடையோடு வைக்காதீர்கள். 'சிக்னிஃபிகன்ட்லி'யைப் பொதுக் கட்டுரையில் தாராளமாக எழுதலாம். ஆய்வுக் கட்டுரையில் அது புள்ளியியல் சோதனையில் தேறியது என்ற பொருளைத் தந்துவிடும், சோதனை செய்யாமல் அங்கே அந்தச் சொல்லை வைக்கக்கூடாது.

எழுத்தாணி:

'நாட் வெரி குட்' என்பதற்கு 'மிக நன்றாக இல்லை, ஆனால் நன்றாக இருக்கிறது' என்று ஒரு மாணவி பொருள் எழுதியிருக்கிறாள். எதிர்மறையில் 'வெரி' எப்படி வேலை செய்கிறது?

சொற்கோல்:

தருக்கப்படி அவள் சொல்வதற்கு இடமுண்டு, வழக்கில் அப்படி இல்லை. 'நாட் வெரி குட்' என்றால் 'நன்றாக இல்லை' என்பதைப் பதமாகச் சொல்வது. தமிழில் 'அவ்வளவு நல்லா இல்லை' என்று சொல்லும் அதே தொனி. அந்த 'அவ்வளவு'வை அவளுக்கு நினைவூட்டினால் உடனே பிடிபடும். 'நாட் டூ பேட்' என்றால் 'பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது'. 'நாட் தட் டிஃபிகல்ட்' என்றால் 'நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கடினமில்லை'. இங்கே 'தட்' சுட்டாக இல்லை, அளவுச்சொல்லாக வேலை செய்கிறது. முழுக்க மறுக்க வேண்டுமானால் 'நாட் குட் அட் ஆல்'.

ஒப்பீட்டை மறுக்கும்போது 'வெரி'யும் 'மச்'சும் இல்லாமல் 'எனி' அல்லது 'நோ' வரும்: 'இட் இஸ்ன்ட் எனி பெட்டர்', 'இட் இஸ் நோ பெட்டர்'. கொஞ்சம்கூடத் தேறவில்லை என்று பொருள். 'இட் இஸ்ன்ட் மச் பெட்டர்' என்றால் கொஞ்சம் தேறியிருக்கிறது, பெரிதாக இல்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, எதில் முன்னேற்றம் இருக்கிறது என்று அவளையே கேளுங்கள்.